பறக்கும் படகுகள்: பணக்காரர் விளையாட்டா, தபால் வண்டியா?

ஜனவரி 5 – ஒரு வாசகரின் கேள்வி

1930களில் தண்ணீரில் இறங்கி ஏறிய பயணிகள் விமானங்களின் படங்களைப் பார்த்தேன். வெள்ளைத் துணி விரித்த சாப்பாட்டு மேசை, படுக்கை, நின்று வேடிக்கை பார்க்கத் தனி அறை. விமானத்தைப் படகாகக் கட்டியதே பணக்காரர்களின் வீண் ஆடம்பரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தரையில் இறங்குகிற விமானம் இருக்கும்போது தண்ணீரில் ஏன் இறங்க வேண்டும்? பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எல்லாம் மறைந்துவிட்டதே, அதுவே சான்று இல்லையா?

ஜனவரி 6, இரவு

வீண் என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஆடம்பரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனின் பறக்கும் படகுகள் அந்த ஆடம்பரத்துக்காகக் கட்டப்படவில்லை. கடிதத்துக்காகக் கட்டப்பட்டன.

1934 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. பேரரசுக்குள் போகும் முதல் தரக் கடிதங்கள் எல்லாம், தனிக் கட்டணம் இல்லாமல், விமானத்திலேயே போக வேண்டும். அதற்கு முன் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானக் கடிதம் அனுப்ப அரை அவுன்சுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ், அதாவது 15 பென்ஸ். புதுத் திட்டத்தில் ஒன்றரை பென்ஸ். பத்தில் ஒரு பங்கு! அந்தச் சுமையைத் தூக்கத்தான் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம், விமானம் கட்டும் ஷார்ட் சகோதரர்கள் நிறுவனத்திடம் 28 பறக்கும் படகுகளைக் கேட்டது. ஒன்றுகூடப் பறந்து காட்டியிராத நிலையில், வரைபடத்தை நம்பி 28. ஒவ்வொன்றும் 24 பயணிகளோடு ஒன்றரை டன் தபாலும் ஏற்ற வேண்டும் என்பது கணக்கு.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் தபால் பிரிவில், ஓடுகிற ரயிலில் நின்றபடி கடிதம் பிரித்தவன். ஒன்றரை டன் தபால் என்றால் எனக்கு எண்ணாகத் தெரியாது, பையாகத் தெரியும். அவ்வளவு பையையும் தூக்கிக்கொண்டு மலையும் பாலைவனமும் தாண்டிய வண்டியை வீண் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஜனவரி 6, அதே இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். இந்தியாவிலிருந்து அந்தத் திட்டத்தில் கடிதம் அனுப்ப இரண்டரை அணா. அப்போது புழக்கத்திலிருந்த ஆறாம் ஜார்ஜ் தபால்தலை வரிசையில் தபால் போகும் வழிகளையே படமாகப் போட்டிருந்தார்கள். ஓட்டக்காரன், குதிரை வண்டி, ஒட்டகம், ரயில், கப்பல், லாரி, விமானம். இரண்டரை அணாத் தலையில் இருப்பது மாட்டுவண்டி.

என்னிடம் ஓர் உறை இருக்கிறது. 1938, சென்னை முத்திரை, லண்டன் முகவரி. இடது மூலையில் நீல நிற விமானத் தபால் சீட்டு. வலது மூலையில் ஊதா நிறத்தில் இரண்டு மாடும் ஒரு வண்டியும். சென்னையிலிருந்து கராச்சிவரை டாட்டாவின் சிறிய விமானம், அங்கிருந்து இம்பீரியல் ஏர்வேஸ். முத்திரையின் மை மாட்டின் கொம்பில் பாதியை மறைத்திருக்கிறது. பழைய கடிதக் கட்டு ஒன்றோடு சேர்த்து 40 ரூபாய்க்கு வாங்கினேன். நான் வாங்கியவற்றில் இதைத்தான் அதிகம் எடுத்துப் பார்த்திருப்பேன்.

ஜனவரி 8

உள்ளே எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் படகின் பெயர் கனோபஸ். 1936 ஜூலை 3 அன்று இங்கிலாந்தின் ராச்செஸ்டரில், மெட்வே ஆற்றிலிருந்து முதன்முதலாக எழும்பியது. வடிவமைத்தவர் ஆர்தர் கூஜ். பிரிஸ்டல் பெகாசஸ் இயந்திரங்கள் நான்கு. மணிக்கு 265 கிலோமீட்டர் அளவில் பயண வேகம். வரிசையாகக் கட்டியவற்றுக்கெல்லாம் ஆங்கில ‘சி’ எழுத்தில் தொடங்கும் பெயர்கள்: கலிடோனியா, சென்டாரஸ், கவாலியர், கோர்சேர்.

இரண்டு அடுக்கு. மேலே விமானிகளும் தபால் பைகளும், கீழே பயணிகள். முன்பக்கம் புகைபிடிக்கும் அறை. பிறகு கழிப்பறையும் உணவு எடுத்துவைக்கும் சிற்றறையும். உணவை உள்ளே சமைப்பதில்லை, கரையில் தயாரித்தது சூடு ஆறாத பெட்டிகளில் ஏறும். நடுவில் ஓர் அறை, அதன் பின்னால்தான் அந்தப் புகழ்பெற்ற உலாவும் அறை. ஒரு பக்கம் நீளச் சன்னல்கள், சன்னலை ஒட்டி முழங்கை ஊன்றிக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி. எழுந்து வந்து அந்தக் கம்பியில் சாய்ந்து கீழே நைல் ஆற்றைப் பார்க்கலாம். விமானம் உயரமாகப் பறக்காததால் ஆற்றங்கரையில் நிற்கிற யானைக் கூட்டம்கூடத் தெரியும்.

இரவில் படுக்கை விரித்தால் 16 பேர். படுத்துக்கொண்டே கண்டம் தாண்டினார்கள்.

ஜனவரி 9

மேலே கடைசி வரியைத் திருத்துகிறேன். எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. 16 படுக்கை என்பது வடிவமைப்பில் இருந்தது உண்மை. ஆனால் பேரரசு வழித்தடத்தில் படகு பெரும்பாலும் பகலில்தான் பறந்தது. பொழுது சாயும்போது தண்ணீரில் இறங்கிவிடும். பயணிகள் விசைப்படகில் கரைக்குப் போய் விடுதியில் சாப்பிட்டுத் தூங்குவார்கள். விடிவதற்கு முன் எழுப்பித் திரும்பப் படகுத் துறைக்கு அழைத்துவருவார்கள். படுக்கைகளுக்கு வேலையே குறைவு.

இது சின்னத் திருத்தம் இல்லை. அந்தச் சொகுசின் முக்கால் பங்கு விமானத்துக்குள் இல்லவே இல்லை, வழிநெடுகக் கரையில் இருந்தது. சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னிக்கு ஏறத்தாழப் பத்து நாள். பத்து நாளும் ஒரு மனிதரை உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டுமென்றால் சாய்வு நாற்காலியும் நல்ல சாப்பாடும் இல்லாமல் எப்படி? வேகம் போதாத இடத்தை வசதியால் நிரப்பினார்கள். பத்து மணி நேரப் பயணத்துக்கு இன்று முழங்கால் இடிக்கிற இருக்கையைப் பொறுத்துக்கொள்கிறோம். பத்து நாளுக்கு யாராலும் முடியாது.

ஜனவரி 11

வழித்தடம் கேட்டவர்களுக்கு. 1938 நடுவில் முழு ஓட்டம் தொடங்கியபோது ஏறத்தாழ இப்படி: சவுத்தாம்ப்டன், மார்செய், ரோமுக்கு அருகே பிராச்சியானோ ஏரி, பிரிண்டிசி, ஏதென்ஸ், அலெக்சாண்டிரியா, திபேரியாஸ், ஹப்பானியா, பாஸ்ரா, பஹ்ரைன், துபாய், கராச்சி. பிறகு ராஜ்சமந்த், குவாலியர், அலகாபாத், கல்கத்தா. அப்புறம் அக்யாப், ரங்கூன், பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர். சிங்கப்பூரில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் பணியாளர்கள் ஏறிக்கொள்வார்கள். பத்தேவியா, சுரபாயா, கூப்பாங், டார்வின் என்று போய்க் கிழக்குக் கரை வழியாக சிட்னியின் ரோஸ் பே.

திபேரியாஸ் என்பது கலிலேயாக் கடல். கடல் என்று பெயரே ஒழிய, ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே இறங்கும் படகின் உயரமானி சுழியைத் தாண்டிக் கீழே போயிருக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்த நிறுத்தம் ராஜ்சமந்த். மேவாரின் மகாராணா ராஜ்சிங் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி. அணைக்கரை முழுக்கச் சலவைக்கல் படிகள், செதுக்கிய மண்டபங்கள். அந்த மாடங்களில் ராஜ பிரசஸ்தி என்ற நெடிய சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. பஞ்சத்தில் மக்களுக்கு வேலை கொடுக்க வெட்டிய ஏரியில், இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து லண்டன் தபால் இறங்கியது. ஏரி வெட்டுவது நமக்குப் பழகிய அறம். அதில் விமானம் வந்து இறங்கும் என்று வெட்டியவர்கள் நினைத்திருக்க முடியாது.

சென்னை ஏன் இல்லை என்று கேட்டவருக்கு: பெரும்பாதை கராச்சியிலிருந்து கல்கத்தாவுக்குக் குறுக்காகப் போனது. தெற்கு அதன் கிளை. 1932 அக்டோபரிலேயே டாட்டா விமானம் கராச்சி, பம்பாய், சென்னை என்று தபால் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. 1938 பிப்ரவரியில் அது திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. அந்த ஓடையிலிருந்து பெரிய ஆற்றில் கலந்ததுதான் என் உறை.

ஜனவரி 12

தண்ணீரில் ஏன் என்ற முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மேலே உள்ள ஊர்ப் பெயர்களை ஒருமுறை படியுங்கள். 1936இல் இவற்றில் எத்தனை ஊரில் 18 டன் விமானத்தைத் தாங்கும் காங்கிரீட் ஓடுதளம் இருந்தது? புல்வெளிதான். மழை பெய்தால் சேறு. கனமான விமானம் எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். அதற்கான நிலத்தை ஊர் ஊராக வாங்கிச் சமப்படுத்த எந்த நிறுவனத்திடமும் பணம் இல்லை. தண்ணீரோ எல்லாத் துறைமுகத்திலும் காத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம்.

என் மகன் ஆக்லாந்தில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது அங்குள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் சோலன்ட் வகைப் பறக்கும் படகு ஒன்றைப் பார்த்தேன். ஆரானூய் என்று பெயர். போருக்குப் பிந்தியது, கனோபஸின் தம்பி முறை. அதன் பக்கத்தில் நின்றால் முதலில் விமானம் என்றே தோன்றாது. நிமிர்ந்து பார்க்கவேண்டிய கப்பல் முகப்பு. குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தேன். முன்பக்கம் கத்திபோலக் கூர்மையாகத் தொடங்கி, நடுவுக்கு வரும்போது தட்டையாக விரிந்து, திடீரென்று ஓர் இடத்தில் வெட்டி மேலே ஏறுகிறது. மாடிப்படியைத் தலைகீழாகப் பார்த்த மாதிரி. அதைப் ‘படி’ என்றே சொல்வார்கள்.

அந்தப் படி இல்லாவிட்டால் படகு எழும்பாது. ஈரத் தரையில் வைத்த எவர்சில்வர் தட்டைத் தூக்கும்போது தரை விடாமல் பிடித்து இழுக்குமே, அதே பிடிதான். வேகம் கூடும்போது படியில் தண்ணீர் அறுபடுகிறது, காற்று உள்ளே புகுகிறது, பின்பாதி விடுபடுகிறது. அதன்பின் முன்பாதி மட்டும் நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். பிடி விட்டதும் மேலே.

காற்றே இல்லாமல் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிற நாளில்தான் கஷ்டம். ஒட்டிக்கொண்டு விடாது. அப்போது விசைப்படகை முன்னால் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி அலை கிளப்புவார்கள். இறங்குவதற்கும் அதே தொல்லை: கண்ணாடித் தண்ணீரில் பரப்பு எங்கே தொடங்குகிறது என்று விமானியின் கண்ணுக்குப் பிடிபடாது.

ஜனவரி 13

ஆரானூய் ஓடிய தடத்தைப் பற்றி ஒரு வரி. ஆக்லாந்திலிருந்து பிஜி, சமோவா, குக் தீவுகளில் ஐட்டூட்டாக்கி, பிறகு தஹீத்தி. ஐட்டூட்டாக்கியில் எண்ணெய் நிரப்ப இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பயணிகள் அங்கேயே காயலில் இறங்கிக் குளிப்பார்கள். தலையைத் துவட்டிக்கொண்டு திரும்ப விமானம் ஏறுவார்கள். 1951 முதல் 1960 வரை இது நடந்தது. இதற்குத் தபால் காரணம் எதையும் நான் தேடப்போவதில்லை. இது சுகம், முழுச் சுகம்.

ஜனவரி 15

பாதுகாப்பு பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலுக்குமேல் பறக்கும்போது இயந்திரம் நின்றால் தரை விமானம் மூழ்கும். பறக்கும் படகு இறங்கி மிதக்கும். அக்காலத்துப் பயணிகளுக்கு அது பெரிய தைரியம். இயந்திரங்களை இன்றுபோல நம்ப முடியாத காலம்.

ஜனவரி 16

நேற்று எழுதியது பாதி உண்மை. மீதிப் பாதி இது.

1939 ஜனவரி 21. கவாலியர், நியூயார்க்கிலிருந்து பெர்முடாவுக்குப் போகிறது. 13 பேர். கார்புரேட்டர்களில் பனி உறைந்து இயந்திரங்கள் வலு இழந்தன. நடுக்கடலில் இறங்க வேண்டியதாயிற்று. ஏரிக்கும் துறைமுகத்துக்கும் கட்டிய அடிப்பாகம் அட்லாண்டிக் அலையைத் தாங்கவில்லை. உடைந்து சிறிது நேரத்தில் மூழ்கிவிட்டது. மிதந்தது படகு இல்லை, மனிதர்கள். மிதப்பு மெத்தைகளைப் பிடித்துக்கொண்டு வட்டமாகக் கைகோத்து ஏறத்தாழ பத்து மணி நேரம் குளிர்நீரில் கிடந்தார்கள். எஸ்ஸோ பேட்டவுன் என்ற எண்ணெய்க் கப்பல் இரவில் வந்து எடுத்தபோது 10 பேர் இருந்தார்கள். மூன்று பேர் போய்விட்டார்கள்.

ஆக, கடலில் இறங்கி மிதக்கும் என்பது அமைதியான நீருக்கு மட்டும் பொருந்தும் வாக்கு. கேள்வி கேட்டவர் பக்கம் இந்த ஒரு புள்ளியை எழுதிக்கொள்கிறேன்.

ஏரியும் எப்போதும் இரங்குவதில்லை. 1938 நவம்பரில் கால்பர்னியா கிறிஸ்துமஸ் தபால் மூட்டைகளோடு ஈராக்கின் ஹப்பானியா ஏரியில் விழுந்தது. பணியாளர்கள் நால்வர் இறந்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் தபால் எதிர்பார்த்ததைவிடப் பெருகி, பயணிகளுக்கு இருந்த இடத்தையே தின்றது. கடிதம் மலிவானதும் எல்லோரும் எழுதினார்கள். பண்டிகைக் காலத்தில் ஆர்.எம்.எஸ். பெட்டியில் நிற்க இடமில்லாமல் பைமேல் நின்று பிரித்திருக்கிறேன். அந்த நெரிசல் எனக்குத் தெரியும்.

ஜனவரி 19

இப்போது அமெரிக்கப் பக்கம். கேள்வி கேட்டவர் பார்த்த படங்கள் பெரும்பாலும் போயிங் 314 ஆகத்தான் இருக்கும். மொத்தம் கட்டியது 12. பான் அமெரிக்கன் நிறுவனம் அவற்றைக் கிளிப்பர் என்று அழைத்தது. 1939 மார்ச்சில் யாங்கி கிளிப்பருக்குப் பெயர் சூட்டியவர் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட். ஜூன் 28 அன்று டிக்சி கிளிப்பர் 22 பயணிகளோடு நியூயார்க் அருகே போர்ட் வாஷிங்டனிலிருந்து கிளம்பி, அசோர்ஸ் தீவில் ஓர்தா, லிஸ்பன் வழியாக மார்செய் சேர்ந்தது. அட்லாண்டிக்கைக் கடந்த கிளிப்பர் பயணிகள் ஓட்டம் அன்றுதான் தொடக்கம்.

இதில் படுக்கைகள் உண்மையாகவே விரிக்கப்பட்டன. கடலுக்குமேல் இரவில் இறங்க இடம் ஏது? பகலில் 74 இருக்கை, இரவில் அதில் பாதி அளவு படுக்கை. சாப்பாட்டு அறையில் 14 பேர் அமரலாம், முறைவைத்துப் பந்தி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி உடைமாற்றும் அறை. வால்பக்கம் புதுமணத் தம்பதிகளுக்கென்று ஓர் அறை. இறக்கை அவ்வளவு தடிமன், பொறியாளர் பறக்கும்போதே இறக்கைக்குள் புகுந்து ஊர்ந்துபோய் இயந்திரத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வரலாம். எனக்கு அந்தப் புதுமண அறையைவிட இந்த இறக்கைச் சந்துதான் பெரிய வியப்பு. அங்கே கையில் விளக்கோடு குனிந்திருந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு மேசைத் துணி இல்லை, தூக்கம் இல்லை.

கட்டணம் ஒருவழி 375 டாலர், போய்வர 675. அன்றைக்கு ஒரு புது ஃபோர்டு கார் வாங்குகிற பணம். இங்கே பணக்காரர் விளையாட்டு என்றால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். என் வாதம் பிரிட்டிஷ் படகுகளுக்குத்தான் முழுதாகப் பொருந்துகிறது.

ஜனவரி 20

ஒரு நிமிடம். கிளிப்பருக்கும் தபால் உண்டு. 1935 நவம்பர் 22 அன்று சைனா கிளிப்பர், இது மார்ட்டின் எம்-130 வகை, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மணிலாவுக்கு முதல் ஓட்டம் போனபோது அதில் பயணி ஒருவர்கூட இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள். விமானி எட்வின் மியூசிக். பாரம் தாங்காமல், அப்போது கட்டிக்கொண்டிருந்த வளைகுடாப் பாலத்துக்கு மேலே ஏற முடியாமல் கம்பிகளுக்குக் கீழே புகுந்து போனார். பயணிகள் ஏறியது அடுத்த ஆண்டு அக்டோபரில். அதுவரை ஓராண்டு கடிதம்தான் பசிபிக்கைத் தாண்டியது.

நேற்று ‘எதிர்த்துப் பேசமாட்டேன்’ என்றதைக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஜனவரி 23

கோர்சேர் கதையைச் சொல்லும்படி ஒருவர் கேட்டார்.

1939 மார்ச். ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரியிலிருந்து வடக்கே போகவேண்டிய கோர்சேர், திசை காட்டும் கருவி தவறியதால் வழி விலகியது. எரிபொருள் தீர்கிற நேரத்தில் பெல்ஜிய காங்கோவில் டாங்கு என்ற சிற்றாற்றில் இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். படகின் அடி கிழிந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வந்து மாதக்கணக்கில் சரிசெய்தார்கள். எழும்ப முயன்றபோது பாறையில் மோதி மறுபடி கிழிந்தது. மறுபடி வேலை. ஆற்றில் ஆழம் போதவில்லை என்று தெரிந்ததும் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். உள்ளூர் மக்களைக் கூலிக்கு வைத்து மண்ணும் கல்லும் சுமக்கவைத்து, ஒரு விமானத்துக்காக ஆற்றையே ஏரியாக்கினார்கள். 1940 ஜனவரியில் கெல்லி ராஜர்ஸ் அதை மேலே எடுத்துக்கொண்டு போனார். வேலைக்காரர்கள் தங்கிய இடத்துக்கு கோர்சேர்வில் என்ற பெயர் மிஞ்சியது.

பத்து மாதம். எழுதும்போதே எனக்கு அந்த மண் சுமந்தவர்கள்தான் கண்முன் வருகிறார்கள். விமானியின் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது.

ஜனவரி 27

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது செங்குன்றம். எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார், அவருடைய பேரன் என்னோடு படித்தவன். மாலையில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “ஏரியிலே ஏரோப்ளேன் இறங்கும்டா, நான் பார்த்திருக்கேன். வாத்து மாதிரி மிதக்கும்” என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். “தாத்தா, ஏரோப்ளேன் மீன் பிடிக்குமா?” என்று கேட்டவன் நான்தான். அவர் கோபப்படமாட்டார். கையை நீட்டித் தண்ணீரில் வழுக்குவதுபோல் காட்டுவார். அந்தக் கை முதலில் கொஞ்சம் சரிந்து, பிறகு தட்டையாகி, பிறகு நிற்கும்.

பல ஆண்டுகள் கழித்து, அந்த இரண்டரை அணா உறையைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுத் தளம் ஒன்று செங்குன்றம் ஏரியில் இருந்தது. 240ஆம் அணி, காட்டலினா வகை. வங்கக் கடலைக் கண்காணிக்க அங்கிருந்து கிளம்பின. பயணிகள் படகு இல்லை, போர்ப் படகு. ஆனாலும் தண்ணீரில்தான் இறங்கின, வாத்துபோலத்தான் மிதந்தன. தாத்தா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு அது தெரிந்தபோது அவர் இறந்து இருபது ஆண்டு.

அதே காட்டலினா வகைதான் 1943 நடுவிலிருந்து இலங்கையில் காலிக்கு அருகே கொக்கல ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் ஓடியது. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் போனதால் பழைய பாதை அறுந்துவிட்டது. குவாண்டாஸ் விமானிகள் இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்தார்கள். 5,600 கிலோமீட்டருக்குமேல், 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம்வரை. எரிபொருளே பாரம் என்பதால் பயணிகள் மூன்று பேர்தான், கொஞ்சம் தபால். எதிரி கேட்டுவிடக்கூடாது என்று வானொலியை வாய்திறக்க விடவில்லை. நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். படகுகளுக்கும் நட்சத்திரப் பெயர்கள்தான்: வேகா, ரைகல், ஸ்பைக்கா, அன்டாரஸ், ஆல்டேர். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்தவர்கள் என்று பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 2

இலங்கை வாசகர் ஒருவர் திருகோணமலையைச் சொல்லச் சொன்னார். சரியாக நினைவூட்டினார்.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது பசிபிக் கிளிப்பர் என்ற போயிங் 314 நியூசிலாந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வழியே திரும்ப முடியாது. மேற்கு நோக்கி உலகைச் சுற்றி வீட்டுக்கு வா என்று உத்தரவு. விமானி ராபர்ட் ஃபோர்டு. அந்தத் தடத்துக்கான வரைபடங்கள் அவர்களிடம் இல்லை. சுரபாயாவில் விமான எரிபொருள் போதாமல் கார் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வந்தார்கள். டிசம்பர் 24 அன்று அங்கிருந்து கிளம்பியதும் ஓர் இயந்திரம் வெடித்துக் கெட்டது. திரும்பி இறங்கி, கிறிஸ்துமஸ் நாளைத் துறைமுகத்திலேயே அதைச் சரிசெய்வதில் கழித்தார்கள். தேவையான கருவி கிடைக்காமல் கடற்படைக் கப்பலின் பட்டறையில் செய்துகொண்டார்கள். 26ஆம் தேதி புறப்பட்டு கராச்சி, பஹ்ரைன், கார்ட்டூம், காங்கோ, பிரேசில் என்று சுற்றி 1942 ஜனவரி 6 அன்று நியூயார்க்கில் இறங்கினார்கள்.

சாப்பாட்டு மேசை கொண்ட அதே விமானம்தான். ஓடுதளம் கேட்காத விமானமாக இல்லாவிட்டால் அந்தப் பயணம் நடந்திருக்காது.

பிப்ரவரி 5

மறைந்ததே சான்று இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். எதனால் மறைந்தன என்று பாருங்கள். போர் உலகம் முழுக்கக் காங்கிரீட் ஓடுதளங்களைப் போட்டுவிட்டது. குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்டவை, போர் முடிந்ததும் பயணிகள் விமானங்களுக்குக் கிடைத்தன. டக்ளஸ் டிசி-4 வந்தது, உயரத்தில் காற்றழுத்தம் காத்த கான்ஸ்டலேஷன் வந்தது. படகு அடிப்பாகம் காற்றில் இழுவை, அதனால் வேகக் குறைவு. உப்புநீர் அலுமினியத்தை அரிக்கும், ஓயாமல் கழுவ வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசைப்படகும் மிதவையும் ஆட்களும் வேண்டும். இம்பீரியல் ஏர்வேஸுக்குப் பின் வந்த பிரிட்டிஷ் நிறுவனமான பி.ஓ.ஏ.சி. பறக்கும் படகுகளை 1950இல் கைவிட்டது. பத்து இயந்திரங்கள் வைத்த பிரின்சஸ் என்ற மாபெரும் படகு 1952இல் பறந்தது, ஆனால் ஒருநாளும் பயணி ஏற்றவில்லை. 1967இல் உடைத்து விற்றார்கள்.

ஜப்பானிய விமானங்கள் 1942 மார்ச் 3 அன்று ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருந்த 15 பறக்கும் படகுகளை ஒரே காலையில் அழித்ததும் உண்டு. சென்டாரஸ் அங்கேதான் எரிந்தது. மிதக்கிற விமானத்துக்கு ஒளிய இடம் இல்லை.

போயிங் 314இல் ஒன்றுகூட இன்று இல்லை. கனோபஸும் இல்லை.

ரயில் தபால் பெட்டிகளும் அப்படித்தான் குறைந்தன. நான் நின்று பிரித்த பெட்டி இன்று எந்த ரயிலிலும் இல்லை. அது வீணாக இருந்ததால் போகவில்லை.

பிப்ரவரி 18

நேற்று செங்குன்றம் போய்வந்தேன். தாத்தாவின் பேரன் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறான். இருவரும் ஏரிக்கரை ஏறினோம். இந்த ஆண்டு மழையில் தண்ணீர் நிறையவே இருந்தது. தண்ணீர் எடுக்கிற பழைய கோபுரத்தின் அடியில் நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. தளத்தின் அடையாளமாக எதையாவது பார்க்கலாம் என்ற ஆசையில் கரையோரம் வெகுதூரம் நடந்தேன். எனக்கு ஒன்றும் புலப்படவில்லை.

அவனிடம் காட்டலினாவின் படம் ஒன்றை எடுத்துப்போயிருந்தேன். வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டி, வடக்கிலிருந்து தெற்காக, முதலில் கொஞ்சம் சரித்து, பிறகு தட்டையாக்கி, நிறுத்தினான். “இப்படித்தானே காட்டுவார்?” என்றான்.

படத்தை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.